தழல் துணியா, பனித் துணியா

எங்கள் ஊர் ஸ்ரெனியானினில் நீதிபதி தேசாங்கா அம்மாவை யாரும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. அவர் கெட்டவர் என்பதால் அல்ல. ஊரில் பாதிப்பேருக்கு அவர் அபராதம் போட்டிருந்தார். மீதிப் பாதி தன் முறைக்காகக் காத்திருந்தது. அவருடையது சில்லறைக் குற்ற நீதிமன்றம். நடைபாதையில் கார் நிறுத்தியவன், பக்கத்து வீட்டுக்காரியின் சேவலை வாய்க்கு வந்தபடி திட்டியவன், கல்யாண வீட்டில் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி சுட்டவன், இப்படிப்பட்டவர்கள்தான் அவர் முன்னால் நிற்பார்கள். கொலைகாரனைக்கூடப் பத்து வருஷத்தில் மன்னித்து, 'பாவம், என்ன கஷ்டமோ' என்று சொல்லும் ஊர் எங்களுடையது. நடைபாதைக்காக அபராதம் போட்டவரை மன்னிக்கும் அளவுக்கு அதற்குப் பெருந்தன்மை போதாது.

அவரும் அதற்கு ஏற்றாற்போல்தான் இருந்தார். புது வருஷத்துக்கு ஒரு வக்கீல் அனுப்பிய காலண்டரை, பிரிக்காமலேயே திருப்பி அனுப்பியவர். என் ஜெராக்ஸ் கடை நீதிமன்றத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. ஒரு காபி குடியுங்கள் என்று நான் எத்தனையோ தடவை சொல்லியும், நின்றபடியே பிரதியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஒருநாள் அப்படி வந்தவர், என் கணினித் திரையைக் குனிந்து பார்த்தார். வேலை நேரத்தில் விளையாடுவதற்கும் ஏதாவது சட்டம் இருக்குமோ என்று திரையைச் சற்றே திருப்பினேன்.

"மிலூன், அந்த உப்புக் கோட்டைக்குள்ள எப்படிப் போறது? நான் ஒரு வாரமா மதிலைச் சுத்திக்கிட்டே இருக்கேன்" என்றார்.

'வெண்கல வானம்' என்ற அந்த இணைய விளையாட்டில் அவரும் இருந்தார் என்பது அப்படித்தான் தெரிந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் அதில் ஒரு குழு வைத்திருந்தோம். ஊருக்குள் ஓடும் பேகேய் ஆற்றின் பெயரில், 'பேகேய் வாள்கள்'. அந்த ஆற்றை நேரில் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரின் வீரம் புரியாது. தண்ணீரைவிடச் சேறு அதிகம்; வாத்துகூட அதில் யோசித்துத்தான் இறங்கும். அவரையும் குழுவில் சேர்த்துவிட்டேன். விளையாட்டில் அவர் பெயர் டிக்விட்சா. பிஞ்சுச் சுரைக்காய் என்று அர்த்தம். முழங்கால் உயர மந்திரக்காரி, தலையில் தன்னைவிடப் பெரிய தொப்பி.

குழுவின் தலைவன் வுகாஷின். கார் ஓட்டக் கற்றுத்தருகிறவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கத்துவதுதான் அவன் தொழில் என்பதால், குழுவை நடத்துவதற்கென்று அவன் தனியாக எதுவும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. அவனும் மந்திரக்காரன்தான், நெருப்பு வீசுவான். அவன் மனைவி லியூப்கா பல் மருத்துவமனையில் நர்ஸ். விளையாட்டிலும் அவளுக்கு அதே வேலை: அடிபட்டவர்களைக் குணப்படுத்துவது, முக்கியமாக அடிவாங்கும் இடத்துக்கே போய் நிற்கும் தன் கணவனை. எனக்கு இரும்புக் கவசமும் கேடயமும். துணி சம்பந்தமான எந்தத் தகராறிலும் எனக்குப் பங்கில்லாமல் போனது அதனால்தான்.

தேசாங்காவுக்குச் சண்டை வரவில்லை. குகையில் இருக்கும் இரட்டைத்தலை எருது இடப்பக்கம் பாய்ந்தால் அவரும் இடப்பக்கம் ஓடுவார். எல்லோருக்கும் முன்னால் செத்து, எழுப்பிவிட்டால் அதே இடத்தில் மறுபடி சாவார். வுகாஷின் ஹெட்போனில், தூரமாய் நில்லுங்கள், இன்னும் தூரமாய், இன்னும், என்று சொல்லிச் சொல்லி அவரைக் குகைக்கு வெளியிலேயே நிற்க வைத்துவிட்டான். ஜட்ஜம்மா என்று தெரிந்த பிறகு குரலை மட்டும் தணித்துக்கொண்டான், இடத்தை மாற்றவில்லை.

வெளியில் நின்றவர் சும்மா நிற்கவில்லை. நெசவு நகருக்குப் போய்த் தறியில் உட்கார்ந்தார். அங்கே எருது கிடையாது. கந்தல் துணியில் ஆரம்பித்து, பருத்தி, கம்பளி, சிலந்திப்பட்டு என்று நாளும் பொழுதும் தைத்தார். கட்டுத் துணியும் பையுமாகக் குழு முழுக்க அனுப்பினார். நாங்களும், மழையைப் பெற்றுக்கொள்வதைப்போல, நன்றி சொல்லாமல் பெற்றுக்கொண்டோம்.

ஒரு அக்டோபர் மாலை அவர் சாதாரணமாகச் சொன்னார், தையலில் கடைசிப் படிக்கு வந்துவிட்டேன், இனி ஒரு சிறப்புப் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம் என்று. உடனே ஹெட்போனில் வுகாஷினின் குரல் கேட்டது. அந்தக் குரலில் அதுவரை நாங்கள் கேட்டிராத ஒரு கனிவு இருந்தது.

பிரிவுகள் மூன்று. தழல் துணி: அதில் தைத்த அங்கியைப் போட்டால் நெருப்பு இரண்டு மடங்கு எரியும். பனித் துணி: குணப்படுத்துபவர்களுக்கு. பாய்த் துணி: கப்பல் பாய், கூடாரம், மூட்டை. மூன்றில் ஒன்றுதான் எடுக்கலாம். எடுத்த பிறகு மாற்ற வேண்டுமென்றால் கற்ற தையல் முழுவதையும் மறந்து, கந்தல் துணியிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். இவ்வளவுதான் எங்கள் எல்லோருக்கும் தெரியும். இதற்கு மேல் தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

மறுநாளே வுகாஷின் நீதிமன்றத்துக்குப் போய்விட்டான். ஜட்ஜம்மா காரைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்தச் சிரமப்படுவதை எப்போதோ பார்த்திருக்கிறானாம். வேண்டுமானால் சனிக்கிழமைகளில் இலவசமாகச் சொல்லித்தருகிறானாம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் தழல் துணி என்பது குழுவுக்கே நல்லது, என்று முடித்தானாம். அவர் மறுக்கவில்லை. அந்த சனிக்கிழமை, அங்காடிக்குப் பின்னால் இரண்டு பீப்பாய்களுக்கு நடுவே நீதிபதி காரை நுழைப்பதையும், வுகாஷின் பக்கத்தில் உட்கார்ந்து கத்தாமல் இருப்பதற்காகத் தன் கையையே கடித்துக்கொள்வதையும் நான் நேரில் பார்த்தேன்.

அடுத்த நாள் லியூப்கா என் கடைக்கு வந்து, ஒரு பாத்திரத்தை மேசையில் வைத்தாள். கோம்போட்ஸே. உருளைக்கிழங்கு மாவுக்குள் பிளம்ஸ் பழம் வைத்து அவித்து, நெய்யில் வறுத்த ரொட்டித்தூளில் புரட்டிய கொழுக்கட்டை. ஜட்ஜம்மா பிரதி எடுக்க வரும்போது கொடுத்துவிடச் சொன்னாள். லஞ்சமில்லை, பக்கத்துத் தெரு என்ற முறையில் என்றாள். பக்கத்துத் தெருவில் அவள் பல வருஷமாக இருக்கிறாள்.

காலண்டரைத் திருப்பியனுப்பியவர் பாத்திரத்தைத் திருப்பியனுப்புவார் என்றுதான் எதிர்பார்த்தேன். தேசாங்கா மூடியைத் திறந்து முகர்ந்தார். என் கடையிலேயே, முதல்முறையாக உட்கார்ந்து, இரண்டை அங்கேயே சாப்பிட்டார். பாத்திரத்தைக் கழுவி அனுப்பினார். "சாட்சியம் சேகரிக்கிறேன், மிலூன்" என்றார். முகத்தில் சிரிப்பில்லை.

மூன்றாவதாகக் கால்நடை மருத்துவர் டிஹோமிர் வந்தார். விளையாட்டில் கண்ணில் பட்ட எதையும் எறிய மனமில்லாதவர் அவர். முயல் தோல், உடைந்த வாள், யாருடையது என்று தெரியாத பல், எல்லாவற்றையும் சேர்த்துவைத்து நடக்க முடியாமல் நடப்பார். அவருக்கு வேண்டியது பாய்த் துணி மூட்டை. நீதிபதி வீட்டு வாசலில் முழுசாக ஒரு குலென் தொத்திறைச்சியைத் தொங்கவிட்டுவிட்டு மணியடித்து ஓடிவந்தார். பன்றிக்கு ஊசி போட்டதற்கு யாரோ கொடுத்ததாம். அதுவும் திரும்பி வரவில்லை.

இப்படியே வாரங்கள் ஓடின. தீர்ப்பு எப்போது என்று கேட்டால், ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது என்பார் தேசாங்கா. ஒரு தடவை ஜலதோஷத்தால் ஒத்திவைத்தார். இன்னொரு தடவை, தழல் தரப்பின் வாதம் முழுமையாக இல்லை என்று ஒத்திவைத்தார். அந்த வாரம் அவருக்குக் கூடுதலாக ஒரு பாடமும், ஒரு கூடை சீமைமாதுளையும் கிடைத்தன. அவர் கன்னத்தில் கொஞ்சம் சதைகூட வைத்தது. சட்டம் படித்தவர் ஊழலில் இறங்கினால் எவ்வளவு ஒழுங்காக இறங்குவார் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

ஒழுங்கில்லாமல் போனது வுகாஷின் வீடுதான். தனக்கு அங்கி வேண்டும் என்று அவன் சொல்ல, உனக்கு எதற்கு, எனக்குத்தான் என்று அவள் சொல்ல, அது சமையலறையில் தொடங்கிப் படுக்கையறை வழியாகக் குகைக்குள் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், இரட்டைத்தலை எருது பாதி உயிரோடு தள்ளாடிக்கொண்டிருந்தபோது, லியூப்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வுகாஷின் செத்தான். அவனுக்குப் பின்னால் வரிசையாக நாங்கள் எல்லோரும் செத்தோம். ஹெட்போனில் ஒரு பக்கம் அவன் மனைவியைக் கூப்பிடும் சத்தமும், சுவருக்கு அந்தப்பக்கமிருந்து அவள் பதில் சொல்லும் சத்தமும் அவனுடைய மைக்கிலேயே சேர்ந்து கேட்டன. எருது பாட்டுக்கு மேயப் போனது.

நவம்பரில் வுகாஷின் வீட்டு ஸ்லாவா வந்தது. குடும்பத்தின் காவல் புனிதருக்கு விழா எடுக்கும் நாள்; யாரையும் கூப்பிடுவது வழக்கமில்லை, வருகிறவர் வரலாம். ஆனால் வுகாஷின் இந்தத் தடவை தேசாங்காவின் அலுவலகத்துக்கே போய், கட்டாயம் வரவேண்டும் என்று கூப்பிட்டான். அவர் வந்தார். கருநீலக் கவுன், முடியைச் சுருட்டிவிட்டிருந்தார், கையில் பூங்கொத்து. வாசலில் மெழுகுவத்தியையும் தானியப் பாயசத்தையும் பார்த்துக் கொஞ்சம் தயங்கி, பிறகு சிலுவைக்குறி போட்டு ஒரு கரண்டி எடுத்துக்கொண்டார். வுகாஷினின் அம்மா, இவர் யார் என்று தெரியாமலேயே, மிகவும் மெலிந்திருப்பதாகச் சொல்லித் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

சூப்பு போய், முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியைச் சுற்றிய சர்மா வந்தது. பழச்சாராயமான ராக்கியா இரண்டு சுற்று போனது. வுகாஷின் எழுந்து நின்றான்.

"ஜட்ஜம்மா, இன்னிக்கு முடிச்சிருங்க. எங்க வீட்டுச் சாமி நாள். அவரு சாட்சியாச் சொல்லிருங்க."

"சாமியச் சாட்சியாக் கூப்பிட்டா நான் குறுக்கு விசாரணை பண்ண வேண்டியிருக்கும். வேணாம் வுகாஷின்" என்றார் தேசாங்கா. வாயைத் துடைத்துக்கொண்டு, சரி, இரண்டு தரப்பும் ஒருமுறை சொல்லுங்கள் என்றார்.

வுகாஷின் தழலுக்காகப் பேசினான். நெருப்பு இல்லாமல் எருது சாகாது, எருது சாகாவிட்டால் குணப்படுத்தி என்ன பிரயோசனம் என்பதுதான் சாரம். அதற்குள் அவன் அம்மா, எந்த எருது, யார் வீட்டு எருது, டாக்டரிடம் காட்டினீர்களா என்று டிஹோமிரைக் கேட்டார். டிஹோமிர், காட்டியாகிவிட்டது, தேறாது என்றார்.

லியூப்கா உட்கார்ந்தபடியே பேசினாள்.

"இவன் செத்தா யாரு எழுப்புறது? நான். ஒவ்வொரு தடவையும் நான். நான் செத்தா என்ன கேப்பான் தெரியுமா? 'லியூப்கா, எங்கடி போன'ன்னு கேப்பான்."

"அது அவசரத்துல சொன்னது" என்றான் வுகாஷின்.

"வீட்டுலயும் அவசரத்துலதான் சொல்றான், ஜட்ஜம்மா."

வுகாஷின் தட்டில் இருந்த மிளகாயை முட்கரண்டியால் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உருட்டினான். தேசாங்கா தன் கோப்பையை மேசையில் வைத்தார்.

"ஒண்ணு கேக்குறேன். விளையாட்டுல பிரிவு எடுக்கப் போற அந்தக் கோபுரத்துல உக்காந்திருக்குற தையல்காரி இந்த மூணு துணியப் பத்தியும் பேசுறா இல்ல? அத உங்கள்ல யாராவது முழுசாப் படிச்சீங்களா?"

யாரும் படித்ததில்லை. 'வெண்கல வானத்தில்' யார் பேச வாயைத் திறந்தாலும் ஒரு பொத்தானை அழுத்தினால் வாயை மூடிக்கொள்வார்கள். வுகாஷினுக்கு அந்தப் பொத்தான் நிஜத்திலும் வேண்டும் என்று ரொம்ப நாளாக ஏக்கம்.

"தழல் துணியில தைக்கிற அங்கி, தைச்சவங்க உடம்புல மட்டும்தான் ஏறும். குடுக்க முடியாது, விக்க முடியாது. பனித் துணியும் அப்படித்தான். அடுத்தவங்களுக்குக் குடுக்கக்கூடியது மூட்டை ஒண்ணுதான்."

டிஹோமிர் மெதுவாக இன்னொரு சர்மாவை எடுத்துக்கொண்டார். அவர் ஒருவர் முகத்தில்தான் வெளிச்சம்.

"இது எப்போ தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டாள் லியூப்கா.

"முதல் நாளே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"ஒருத்தரும் கேக்கல. எனக்கு வேணும், எனக்கு வேணும்னு சொன்னீங்க. எனக்குக் குடுக்க முடியுமான்னு யாரும் கேக்கல."

"என் கொழுக்கட்டை எல்லாத்தையும் சாப்பிட்டீங்களே."

"சாப்பிட்டேன். ரொம்ப நல்லா இருந்துச்சு." தேசாங்கா கோப்பையைத் தொட்டார், எடுக்கவில்லை. "இந்த ஊருக்கு மாற்றலாகி வந்ததுலேர்ந்து ஒருத்தர் வீட்டுப் படியும் நான் ஏறினதில்ல, லியூப்கா. முதல் பாத்திரம் வந்தப்பவே சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியும். ரெண்டாவதும் வரட்டும்னு இருந்துட்டேன்."

நீதிமன்றத்தில் தண்டனையை வாசிக்கிற அதே குரலில்தான் சொன்னார். ஆனால் கழுத்து வரை சிவந்துபோயிருந்தது.

வுகாஷின், இது பச்சை லஞ்சம் என்றான். அவர் ஒப்புக்கொண்டார், கொடுத்தவர்கள்மீதும் வழக்கு உண்டு என்பதை நினைவுபடுத்தினார். வுகாஷின் உட்கார்ந்துவிட்டான். இதெல்லாம் என்னவென்று புரியாத அவன் அம்மா, பேச்சு நின்றதைப் பார்த்து, வறுத்த பன்றியில் நல்ல துண்டாகத் தேடியெடுத்துத் தேசாங்காவின் தட்டில் வைத்தார். தேசாங்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் சிரித்தது லியூப்காதான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சீமைமாதுளைக் கூடையைத் தோளில் சுமந்துபோன கணவன் ஞாபகம் வந்ததாம்.

கேக் வெட்டும்போது தேசாங்கா முடிவைச் சொன்னார். தழல். தனக்கே. தானும் மந்திரக்காரிதான் என்பதை இங்கே யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை என்றார்.

டிஹோமிரின் முகத்திலிருந்த வெளிச்சமும் அணைந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழங்கால் உயரச் சுரைக்காய், தீப்பிடித்த மாதிரி ஒரு சிவப்பு அங்கியில் குகைக்குள் வந்தது. எருதின் ஒரு தலை முதல் வீச்சிலேயே தொங்கிவிட்டது. வுகாஷின் வழக்கம்போல ஆணைகள் கொடுத்தான். நடந்து முடிந்தவற்றை எல்லாம், நடக்கச் சொன்னவன் தான்தான் என்ற தோரணையில் சொல்லிக்கொண்டே வந்தான். எருது விழுந்தபோது எல்லோரும் கை தட்டினோம். அவன் ஒரு காரணம் சொல்லிச் சீக்கிரம் போய்விட்டான்.

எங்கே போனான் என்பது சில நாள் கழித்துத் தெரிந்தது. நூல் வாங்க நெசவு நகருக்குப் போன நான், தறிகளின் கடைசி வரிசையில், முகமூடி போட்ட ஒரு மந்திரக்காரன் கந்தல் துணியில் உள்பாவாடை தைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். குழுத் தலைவனுக்கு உரிய தங்கக் கிரீடத்தை மட்டும் கழற்ற மறந்திருந்தான். யாரிடமும் சொல்லாதே, குறிப்பாக லியூப்காவிடம் என்று கெஞ்சினான். அவனுக்கு மூன்று தறி தள்ளி, முக்காடு போட்டுக்கொண்டு லியூப்கா பருத்தி நெய்துகொண்டிருந்தாள். ஒரே வீட்டின் இரண்டு அறைகளில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே ஊரில் தைத்துக்கொண்டிருந்தார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இத்தனை நாள் பார்த்து ரசித்திருக்க முடியாது.

சிலந்திப்பட்டு எங்கே கிடைக்கும், எந்தச் சாயத்தில் எதைத் தோய்ப்பது என்பதெல்லாம் தேசாங்காவைத்தான் கேட்க வேண்டும். அவன் தனியாகக் கேட்டான், அவள் தனியாகக் கேட்டாள், மூட்டை கிடைக்காத டிஹோமிரும் கேட்டார். குளிர்காலம் முடிவதற்குள் 'பேகேய் வாள்கள்' முழுக்கத் தையல்காரர்கள் ஆகிவிட்டோம். நானும் ஒரு இரவுத் தொப்பி தைத்தேன். எருது கொழுத்துத் திரிந்தது. தறியில் உட்கார்ந்தபடி யாருடைய மாமியார், எந்த மருத்துவர், எந்தக் கடைத் தக்காளி என்று பேச ஆரம்பித்தால் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். லியூப்கா மட்டும் முக்காட்டை எடுக்காமல், மைக்கைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பாள்; வுகாஷின் அது வேறு யாரோ என்று நினைத்தான். வுகாஷின்கூடக் கத்துவதற்கு எதுவும் கிடைக்காமல், பேசக் கற்றுக்கொண்டான்.

பிப்ரவரியில் அவன் நிஜமாகவே மாட்டினான். மாணவியை இறக்கிவிட்டு, தபால் நிலையத்தின் நடைபாதையில் காரை ஏற்றி நிறுத்திவிட்டு ரொட்டி வாங்கப் போயிருக்கிறான். வழக்கு தேசாங்காவிடம் வருகிறது என்று தெரிந்ததும் எங்கள் எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னான். நம்ம ஆள் என்றான். தேசாங்கா அந்த வழக்கை எடுக்கவில்லை. குற்றம்சாட்டப்பட்டவர் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன் என்று காரணம் எழுதி, பக்கத்து அறை நீதிபதிக்கு மாற்றிவிட்டார். அந்த நீதிபதிக்குச் சாப்பாடு பிடிக்காது, வயிற்றுப்புண். உச்சபட்ச அபராதம் போட்டார். வுகாஷின் ஒரு வாரம் தறிப்பக்கமே வரவில்லை. பிறகு சாயம் தீர்ந்துபோய் வந்தான்.

மார்ச்சில் தேசாங்கா எங்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். பீன்ஸ் கறி அடிப்பிடித்திருந்தது. தட்டுகள் எல்லாம் புதுசு. என் தட்டின் அடியில் ஒட்டியிருந்த கடையின் விலைச் சீட்டின் ஓரம் வெளியே தெரிந்தது. நான் தட்டைத் தூக்கவில்லை. டிஹோமிர் கறியை மிகவும் புகழ்ந்து, உப்பை இன்னொரு முறை கேட்டார்.

அப்போது லியூப்கா, அன்று காலை கோபுரத்துக்குப் போய்வந்ததாகச் சொன்னாள். பனித் துணி எடுத்துவிட்டாளாம். தையல்காரி சொன்னதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எடுத்தாளாம்.

வுகாஷின் மெல்லுவதை நிறுத்தினான். மனைவி தைக்கிறாள் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலயே நீ."

"கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப" என்றாள் லியூப்கா. "அதான் கேக்கல."

தேசாங்கா ரொட்டிக் கூடையை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, தன் தறிக்குச் சிலந்திப்பட்டு மிச்சமிருக்கிறதா என்று அவளைக் கேட்டான்.